படுகையில் பாதி

கல்லை நட்டுக்குங்க தம்பி, வேணாங்கல. சர்க்கார் கல்லு, சர்க்கார் உத்தரவு, நான் யாரு தடுக்க? ஆனா ரெண்டு வார்த்தை கேட்டுட்டு நடுங்க. தலையாரியண்ணே, அந்தக் கடப்பாரையக் கீழ வையிங்க. வெயில் ஏறுது, ரெண்டு பேரும் பந்தலுக்குள்ள வந்து குந்துங்க. வெள்ளரிப் பிஞ்சு பறிச்சு வச்சிருக்கேன், உப்பு மொளகாத்தூள் தடவித் தர்றேன். லஞ்சம்னு நெனச்சுக்காதீங்க. இந்தப் படுகைக்கு யாரு வந்தாலும் வெள்ளரிப் பிஞ்சுதான். போன வாரம் ஒருத்தன் ஆடு திருட வந்தான், அவனுக்கும் குடுத்துட்டுத்தான் புடிச்சுக் கட்டினோம்.

இப்ப நீங்க என்ன சொல்றீங்க? இது ஆத்துப் பொறம்போக்கு. ஆறு கொண்டாந்து போட்ட மண்ணு, அதனால அரசாங்கத்துது. அதுல எங்க வூடு ரெண்டும் இருக்கு, அதனால நாங்க சட்டி பானையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பணும். அதானே? சரி. எங்க போறதுன்னு நீங்க சொல்லல, நானும் கேக்கல. மொதல்ல இது யாரு மண்ணுன்னு தெரிஞ்சுக்குங்க. இந்த விஷயத்துல என்னை மாதிரி சண்டை போட்டவ கொள்ளிடத்துல ரெண்டு கரையிலயும் கெடையாது.

அந்தா பந்தக்கால்கிட்ட முல்லை கட்டிக்கிட்டு இருக்காளே, அவ தையல்நாயகி. என் கூடப் பொறந்த தங்கச்சி. நான் அஞ்சலாட்சி. எங்கப்பா எங்க ரெண்டு பேரையும் எதிரெதிர்க் கரையில கட்டிக் குடுத்தாரு. என்னை அந்தா தெரியுதே வடகரை, அங்க. அவளை இந்தத் தென்கரையில. காத்து சரியா அடிச்சா இங்க கூப்புட்டா அங்க கேக்கும். கோடையில ஆறு வத்திக் கெடக்கும்போது மணல்ல நடந்தே போயிடலாம். பொண்ணுங்க பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்னு நெனச்சாரு மனுஷன். நடுவுல ஒருத்தி படுத்திருக்கான்னு அவருக்குத் தோணல.

ஆத்தை நல்லாப் பாருங்க. மேக்கால இருந்து ஒழுங்காத்தான் வர்றா. இங்க வந்ததும் என்ன கேடோ, வடக்க வளையறா. வடகரைய ஒரு இடி இடிச்சுச் சுத்திக்கிட்டு, மறுபடி தெக்க திரும்பிப் போறா. நேரா போனா என்ன? யாரு குறுக்க நிக்கறா? கேட்டா ஆறுன்னா அப்படித்தான்ங்கறாங்க. மனுஷங்க அப்படிப் போனா குடிச்சிருக்கான்னு சொல்வோம்.

நான் கல்யாணம் ஆயிப் போனப்ப வூட்டுக்குப் பின்னால கொல்லை, அதைத் தாண்டித் தென்னந்தோப்பு, அதையும் தாண்டி மூங்கிலும் நாணலும், அப்புறம்தான் ஆறு. துணி தொவைக்கப் போறதுன்னா அலுப்பா இருக்கும், அவ்வளவு தூரம். மேட்டூர் ரொம்பினா மிச்சத் தண்ணி கொள்ளிடத்துக்குத்தானே வரும்? வந்து வடிஞ்சதும் போய்ப் பாப்போம். கரை கொஞ்சம் கிட்ட வந்திருக்கும். எதிர்க்கரையில பாத்தா தையலு வூட்டுக்கு முன்னால புதுசா மண்ணு மேடு தட்டியிருக்கும். அடுத்த வெள்ளம், எனக்கு ரெண்டு தென்னை போச்சு, அவளுக்கு மேடு இன்னும் நீண்டுச்சு. எனக்குக் கொறையுது, அவளுக்கு ஏறுது. இதுக்குப் பேரு என்ன தம்பி? நான் திருட்டுன்னு சொன்னேன். ஊரே கேக்கச் சொன்னேன்.

நாங்க சும்மா கையக் கட்டிக்கிட்டு இருந்தோம்னு நெனைக்காதீங்க. கரையோரம் அந்த நாணலும் மூங்கிலும் காடா மண்டிக் கெடந்துச்சு, ஒரே பாம்பு. எல்லாத்தையும் வெட்டி, வேரோட தோண்டியெடுத்துச் சுத்தமா வச்சிருந்தோம். மொழுகின தரை மாதிரி இருக்கும் எங்க கரை. அப்புறம் செங்கல் சூளைக்காரரு ஒருத்தர் வந்தாரு. நல்லா ஒட்டுற களிமண்ணு, கல்லு உறுதியா வரும்னாரு. அள்ளிக்குங்கன்னோம். இந்தா, காதுல போட்டிருக்கேனே இந்தத் தோடு, அந்த மண்ணு வித்த காசுதான். அதையாவது நாங்க முந்திக்கிட்டோம். இல்லன்னா அதையும் ஆறு கொண்டு போய் இவகிட்டக் குடுத்திருக்கும்.

இவ என்ன பண்ணுனா தெரியுமா? புது மண்ணு தட்டத் தட்ட அதுல போய் நாணலை நட்டா. வெட்டிவேரை நட்டா. நான் அந்தக் கரையில நின்னு கத்துவேன், "ஏண்டி, பாம்புப் பண்ணை வைக்கிறியா?"ன்னு. சிரிப்பா. அந்த நாணல்ல வந்து வந்து வண்டல் தங்கிக்கிட்டே இருந்துச்சு. அதிர்ஷ்டம் தம்பி, வேற என்னத்தச் சொல்ல. சில பேருக்குப் பொறக்கும்போதே அப்படி.

பொங்கலுக்குப் பொங்கல் படகுக்காரன் செல்லக்கண்ணுகிட்டப் பூசணிக்காய் குடுத்து அனுப்புவா. இந்தப் படுகையில விளைஞ்ச பூசணி, ஒவ்வொண்ணும் கொழந்தை கணக்கா இருக்கும். எப்படி இருக்கு பாருங்க கதை! என் மண்ணைத் திருடி, அதுல விதை போட்டு, காயை எனக்கே சீர் அனுப்புறா. நான் தொடுவேனா? நறுக்கி ஆட்டுக்குப் போட்டேன். ஆடு நல்லாக் கொழுத்துச்சு. ஆட்டை அறுத்துக் கொழம்பு வச்சுத் தின்னேனே தவிர, அவ பூசணிய ஒரு துண்டு நான் வாயில வச்சதில்ல. அந்த ரோஷம் எனக்கு இருக்கு.

அப்புறம் ஆத்துமேலயும் கோவம் வந்துடுச்சு. வருஷா வருஷம் பதினெட்டாம் பெருக்குக்குக் காதோலை கருகமணி, மஞ்சக் கயிறு, காப்பரிசின்னு எல்லாம் கொண்டு போய்ப் படைச்சுக் கும்புடுறது நானு. மண்ணு போறது அவளுக்கா? ஒரு வருஷம் ஒண்ணும் படைக்கல. பட்டினி கெடடின்னு விட்டேன். எங்க வூட்டுக்காரரு பயந்து போயிட்டாரு. "ஏ அஞ்சல, ஆத்தோட எல்லாம் வெளையாடாத"ன்னாரு. அந்த ஆடியில ஆறு நெறஞ்சு வந்து தோப்புல மிச்சம் இருந்ததையும் வாரிக்கிட்டுப் போனா. பசியில தின்னுட்டா போல. அடுத்த வருஷம் ரெண்டு படி சேத்து வச்சேன் காப்பரிசி. அதையும் தின்னுட்டுக் கொல்லையில பாதியத் தின்னா. நன்றி கெட்ட ஜென்மம்.

சரி, போன மண்ணைப் போய்க் கேட்டு வாங்கிட்டு வருவோம்னு ஒரு நாள் கோணிப்பையை எடுத்துக்கிட்டுப் படகுல ஏறிட்டேன். நேரா இங்க வந்து எறங்கி, இதே எடத்துல, மம்புட்டியப் போட்டு அள்ள ஆரம்பிச்சேன். இவ வூட்டுக்குள்ள இருந்து வந்தா. "என்னக்கா?"ன்னா. "எம் மண்ணை எடுத்துக்கிட்டுப் போறேன்"னேன். அவ வந்து கோணிப்பையோட வாயைப் புடிச்சுக்கிட்டு நின்னா, நான் அள்ளிப் போட வசதியா. ரொம்பினதும் சணல் கயித்தால இறுக்கிக் கட்டியும் குடுத்தா. "இன்னொரு பை தரவாக்கா?"ன்னு வேற கேக்கறா! கொழுப்பைப் பாத்தீங்களா? செல்லக்கண்ணு படகு அந்தப் பாரத்துல ஒரு பக்கமா சாஞ்சு, வழி பூரா என்னைத் திட்டிக்கிட்டே வந்தான். அந்த மண்ணை எங்க கரை விளிம்புல கொட்டி, மேல ஏறி நின்னு மிதிச்சேன். அடுத்த தண்ணியில அதுவும் போச்சு. அதுக்கும் நான் இவளைத்தான் திட்டினேன்.

போன வருஷம் வந்துச்சு பாருங்க வெள்ளம். நீங்க டீவியில பாத்திருப்பீங்க. எங்களுக்கு வூட்டு வாசல்ல தெரிஞ்சுது. மொதல்ல மாட்டுக் கொட்டகை போச்சு. மாட்டை அவுத்துட்டோம், கொட்டகை மட்டும் அப்படியே மெதுவா, ஊருக்குப் போறவ மாதிரி எறங்கிப் போச்சு. அப்புறம் அடுப்பங்கரை பாதி. சுவரு ஒரு பக்கம் நிக்குது, மறுபக்கம் ஆறு. அடுப்புக்கு முன்னால குந்தினா காலுக்குக் கீழ தண்ணி ஓடுது. அன்னிக்குத்தான் எனக்குப் பயம் வந்துச்சு தம்பி. அதுக்கு முன்னால எல்லாம் கோவம்தான். அன்னிக்குப் பயம். எங்க வூட்டுக்காரருக்கு முழங்கால் போயிடுச்சு, ஓட முடியாது. வேற எடம் கெடையாது, கை ரெண்டுதான் இருக்கு.

பள்ளிக்கூடத்துல தங்க வச்சாங்க. இவ பாலத்தைச் சுத்திக்கிட்டு ரெண்டு பஸ்ஸு மாறி வந்துட்டா, தூக்குச்சட்டியில சோறு, கருவாட்டுக் கொழம்பு எல்லாம் எடுத்துக்கிட்டு. "வாக்கா நம்ம வூட்டுக்கு. மேட்டுல எடம் கெடக்கு, ஒரு கொட்டகை போட்டுக்கலாம்"னா. எனக்கு எப்படி இருக்கும்? "எம் மண்ணுக்கு என்னையே விருந்தாளியா கூப்புடுறியா? உன் தயவுல நான் குந்தணுமா? போடி"ன்னுட்டேன். பள்ளிக்கூடமே திரும்பிப் பாத்துச்சு. எங்க வூட்டுக்காரரு மட்டும் பாக்கல. அவரு கொழம்பு ஊத்தித் தின்னுக்கிட்டு இருந்தாரு. ரோஷம் இல்லாத மனுஷன்.

அப்பத்தான் அந்த இன்ஜினியர் பொண்ணு வந்துச்சு. மெர்லின்னு பேரு. கரை அரிப்பைப் பாக்க வந்த பொண்ணு, நல்ல பொண்ணு, பேசினா காது குடுத்துக் கேக்கும். நான் எல்லாத்தையும் சொன்னேன். என் தங்கச்சி எப்படி என் மண்ணை எடுத்துக்கிட்டான்னு ஒண்ணு விடாம சொன்னேன். அது ஒரு குச்சியை எடுத்துப் பள்ளிக்கூடத்து மணல்ல வளைச்சு வளைச்சு ஒரு கோடு இழுத்துச்சு, பாம்பு மாதிரி.

"அம்மா, ஆறு வளையற எடத்துல வெளிப்பக்கம் தண்ணி வேகமா ஓடும். அந்த வேகத்துல கரைய அரிச்சு மண்ணைத் தூக்கிக்கும். உள்பக்கம் மெதுவா ஓடும். மெதுவா ஓடுற தண்ணியால சுமக்க முடியாது, மண்ணைக் கீழ போட்டுடும். உங்க ஊரு வெளிப்பக்கம். உங்க தங்கச்சி ஊரு உள்பக்கம். அவ்வளவுதான்"னுச்சு.

"அதான் நானும் சொல்றேன், என்கிட்டத் தூக்கி அவகிட்டப் போடுது"ன்னேன்.

"இல்லம்மா"ன்னுச்சு. "உங்க கரை மண்ணு நேரா எதிர்க்கரைக்குப் போயிடாது. பெரும்பாலும் தண்ணியோட கீழ போய், அடுத்த வளைவுல உங்க வடகரையிலயேதான் ஒதுங்கும். உங்க தங்கச்சி வாசல்ல இருக்கறது அவங்க தென்கரையிலயே மேல இருக்கற வளைவுல அரிச்ச மண்ணா இருக்கும்."

நடுவுல ஒண்ணு கேட்டுச்சு, "உங்க கரையில நாணல், மூங்கில் ஏதாவது இருந்துச்சாம்மா?"ன்னு. "ஒரு புல்லு விடல, அவ்வளவு சுத்தம்"னேன். சூளைக்காரரைப் பத்தியும் சொன்னேன். அந்தப் பொண்ணு என்னையும் என் தோட்டையும் மாறி மாறிப் பாத்துச்சு. அசந்து போயிடுச்சுன்னு நெனைக்கிறேன்.

ஆனா என் புத்தி அங்க இல்ல. மேல இருக்கற வளைவுன்னுச்சு பாருங்க, அதுல மாட்டிக்கிச்சு. தென்கரையில, மேக்கால, அடுத்த வளைவு எந்த ஊரு? எங்க ஊரு தம்பி! நாங்க பொறந்த ஊரு! அங்க ஆத்தோரம் எங்கப்பாவுக்கு ஒரு வயல் இருந்துச்சு. நாங்க சின்னப் புள்ளைங்களா இருந்தப்பவே கொஞ்சம் கொஞ்சமா ஆத்துக்குப் போயிடுச்சு. முழுசும் போன பின்னாலயும் எங்கப்பா அதுக்குத் தீர்வை கட்டிக்கிட்டு இருந்தாரு. தண்ணிக்குத் தீர்வை கட்டின மனுஷன் அவரு ஒருத்தராத்தான் இருப்பாரு. ஊரே சிரிச்சுது. அவரு எங்களைக் கரையில நிக்க வச்சு, ஓடுற தண்ணியக் காட்டி, "அந்தா, அதான் நம்ம வயலு. எங்க போயிடும்? பூமியிலதானே இருக்கும்?"னு சொல்வாரு. தையலு அவரு தோள் மேல குந்தியிருப்பா. நான் வேட்டியப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. எங்கப்பன் வயலு எங்கயும் போகல. எறங்கி வந்து இவ வாசல்ல படுத்திருக்கு.

அப்ப அதுல எனக்கும் பங்கு இருக்குல்ல?

விடிஞ்சதும் பஸ் ஏறிட்டேன். எங்க வூட்டுக்காரரு கேட்டாரு, "தங்கச்சி வூட்டுக்கா?"ன்னு. "என் சொத்துக்கு"ன்னேன். வழி பூரா மனசுக்குள்ள பேசிப் பாத்துக்கிட்டே வந்தேன். அவ இதைச் சொன்னா நான் அதைச் சொல்லணும், அவ அழுதா நான் எரக்கப்படக் கூடாதுன்னு. பக்கத்துல குந்தியிருந்த பொம்பளை எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டா.

இவ முல்லைக் கொடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தா. நான் வாசல்லயே நின்னுக்கிட்டேன்.

"தையலு, இது நம்மப்பா மண்ணு."

"அப்படியாக்கா?"ன்னா. நான் இன்ஜினியர் பொண்ணு சொன்னதை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கிட்டா. குனிஞ்சு ஒரு பிடி மண்ணை எடுத்துப் பாத்துட்டு, "இருக்கும்க்கா"ன்னா.

"இருந்தா எனக்குச் சரிபாதி."

"சரிபாதிதான்."

"இப்ப சட்டமே இருக்கு, பொண்ணுங்க எல்லாத்துக்கும் சமமாப் பங்கு உண்டுன்னு."

"சட்டம் எதுக்குக்கா? உனக்கு எந்தப் பக்கம் வேணும்?"

எப்படி இருக்கும் எனக்கு? வருஷக்கணக்கா சேத்து வச்சிருக்கேன் சண்டையை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக் கூடாதா? விடக் கூடாதுன்னு, "மேட்டுப் பக்கம் வேணும்"னேன். வேணும்னேதான் கேட்டேன், மேடு தட்டினப்புறம் இவ வூட்டை அங்கதான் மாத்திக் கட்டியிருந்தா. "சரி, நான் பள்ளத்துப் பக்கம் தள்ளிக் கட்டிக்கறேன்"னுட்டுத் தண்ணிக் கொடத்தை எடுத்துக்கிட்டு அடுத்த கொடிக்குப் போயிட்டா.

எனக்குக் கடுப்புல அழுகை வந்துடுச்சு தம்பி. அப்படியே மண்ணுல குந்தி அழுதேன். எவ்வளவு நாளாச்சு தெரியுமா நான் அழுது? தோப்பு போனப்ப அழல, அடுப்பங்கரை போனப்ப அழல. இவ கொடத்தைப் போட்டுட்டு ஓடியாந்து என்னைக் கட்டிக்கிட்டு அவளும் அழுதா. அவ ஏன் அழுதான்னு எனக்கு இன்னிவரைக்கும் வெளங்கல. பாதி போச்சேன்னு இருக்கும்.

அப்படி வந்ததுதான் இந்த வூடு. நாணல் தட்டி, மேல கீத்து, நாங்களே கட்டினது. மேட்டுல இருக்கறது என்னுது, அந்தா பள்ளத்துல இருக்கறது அவளுது. தண்ணி வந்தா அவ என் வூட்டுக்குத்தான் வந்தாகணும். வரட்டும், சோறு போடுவேன். ஆனா இது தயவு இல்ல பாருங்க. என் பங்குல நான் இருக்கேன். எவ வூட்டுலயும் நான் குந்தல. பூசணி? இப்ப தின்னறேன், ஏன் தின்னக் கூடாது? பாதி என்னோடதாச்சே. நல்லாத்தான் இருக்கு. எத்தனை பொங்கல் வீணாப் போச்சு.

என் வடகரை மண்ணும் கெழக்கால எங்கேயோ ஒதுங்கியிருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சுல்ல? அதையும் ஒரு நாள் போய்ப் பாக்கணும். எவ வாசல்ல கெடக்கோ. முழங்கால் வலி கொறையட்டும், அவரையும் கூட்டிக்கிட்டுப் போறேன்.

இப்ப சொல்லுங்க தம்பி. போகும்போது எங்கப்பன் வயலு. தண்ணிக்குள்ள இருந்தப்ப அதுக்குத் தீர்வை வாங்கினது யாரு? நீங்கதானே? அப்ப இது ஆறுன்னு உங்களுக்குத் தெரியலையா? எழும்பி வெளிய வந்ததும் மட்டும் சர்க்கார் மண்ணா? இவளைத் திருடின்னு சொன்னேனே, சொன்னது நான். கொஞ்ச நாளா, எத்தனை வருஷம்! அது எங்க வூட்டுப் பேச்சு. அதையே நீங்க வேற வார்த்தையில எழுதிக்கிட்டு வந்து நின்னா நான் கேட்டுக்கிட்டு இருப்பேனா? இதுல பங்கு கேக்கணும்னா எங்கப்பனுக்குப் பொறந்திருக்கணும். பொறந்தது நாங்க ரெண்டு பேருதான்.

என்னமோ எழுதிக்கிட்டே இருக்கீங்களே, படிங்க பாப்போம்.

ஆக்கிரமிப்பு செய்தவர், தையல்நாயகி. ம். அப்புறம்? அவ்வளவுதானா? என் பேரு எங்க? மேட்டுல அவ்வளவு பெரிய வூடு நிக்குதே, அது கண்ணுக்குத் தெரியலையா? அவ ஒருத்தி பேரை எழுதிக்கிட்டுப் போனா, நாளைக்குப் படுகை பூரா அவ ஒருத்தியோடதுன்னு ஆயிடாதா?

ஏய், நீ எதுக்குடி பூவைப் போட்டுட்டு ஓடி வர்ற? என்னது? "அக்கா பேரு வேணாம் சார், கேசு கீசுன்னு வந்தா நான் ஒருத்தி அலைஞ்சுக்கறேன், அது வயசானது"ங்கறியா? பாத்தீங்களா தம்பி? பாத்தீங்களா? மறுபடியும் முழுசையும் அமுக்கப் பாக்கறா!

எழுதுங்க. ஆக்கிரமிப்புன்னே எழுதுங்க, பரவாயில்ல. அஞ்சலாட்சி, தையல்நாயகி. அக்கா தங்கச்சி, பாதிப் பாதின்னு போடுங்க. அவ பேரை அடிச்சுட்டு மறுபடி எழுதுங்க தம்பி, மூத்தவ பேருதான் மொதல்ல வரணும்.